அப்டேட் ஆகாத நான்கு பேர்

பழுது பார்க்கும் தொழிலில் பழுதான சாமானோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். போய்ச் சேர வேண்டிய காலத்தைத் தாண்டியும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிற சாமான்தான் நம் உயிரை வாங்கும். கம்ப்யூட்டர், செல்போன் சர்வீஸ் கடை வைத்து அல்லாடுகிற சக ஜீவன்களே, இதைப் படித்துவிட்டு நீங்கள் தலையை ஆட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்டுங்கள். ஆறுதலாக இருக்கும்.

கீரனூரில், திருச்சி ரோட்டின் மேலேயே, பஸ் ஸ்டாப்பை ஒட்டி என் கடை. எனக்கும் கடைக்கும் ஒரே பெயர்தான், சாந்தி. கூட வேலை பார்ப்பவர் பாண்டியன். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சால்டரிங் பிடிப்பதில் கெட்டிக்காரர், வாய் அதைவிடக் கெட்டி. எங்களிடம் வருகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. கம்ப்யூட்டரில் எக்ஸ்பி, செவன் என்ற பழைய விண்டோஸ், செல்போனில் சிம்பியன், விண்டோஸ் போன் என்று, உண்டாக்கிய கம்பெனியே கைகழுவிவிட்டவற்றைக் கட்டிக்கொண்டு, "எனக்கு இது போதும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்கள். அவர்களில் நான்கு பேரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு போர்டுக்கு ஆசைப்பட்டேன்

எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு சர்வீஸ் கடை முளைத்தது. புதுப் போன் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ரோட்டைத் தாண்டி அங்கே போய்விட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது பழைய சாமான்காரர்கள் மட்டும். பேச்சுத்துணைக்கு அவர்கள் போதும், கடை நடத்தப் போதாது. அந்தச் சமயத்தில்தான் ஒரு புது போன் கம்பெனி எங்கள் வட்டாரத்தில் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்தது. விண்ணப்பம் போட்டேன். வாசலில் மாட்ட அவர்களுடைய போர்டு கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு, ஐம்பது வயதில் தினமும் காலையில் திருச்சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், யார் கடையிலோ சம்பளத்துக்கு உட்கார வேண்டும். பாண்டியனுக்கும் அதே கதிதான்.

ஏரியா மேனேஜர் போனில் பேசினார். நேரில் வந்து கடையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். "கவுன்ட்டர் நீட்டா இருக்கணும் மேடம். பழைய டிவைஸ் ஒண்ணுகூட கண்ணுல படக்கூடாது. கம்பெனி இமேஜ் இருக்கு பாருங்க" என்றார். அதற்கென்ன, ஜமாய்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பாண்டியன் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, சாமானை ஒளிச்சிரலாம். ஆளுங்களை எங்கிட்டு ஒளிக்கிறது?"

பழைய வருஷப் பிறப்பு

முதல் ஆள் கருப்பையா அண்ணன். ஊருக்கு வெளியே எடைமேடை வைத்திருக்கிறார். லாரி வந்து மேடையில் ஏறும், எத்தனை டன் என்று கம்ப்யூட்டர் சொல்லும், சீட்டு அடித்துக் கொடுப்பார். அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது எக்ஸ்பி. எடை போடும் மென்பொருளை மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் ஓடும், அப்புறம் அவரைக் கூப்பிட்டால் புதுப்பித்துத் தருவார் என்பது ஏற்பாடு. வருஷம் முடிந்து கூப்பிட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆளையும் காணவில்லை.

கருப்பையா அண்ணன் அசரவில்லை. கம்ப்யூட்டரின் தேதியை எடுத்துப் பழையபடி அந்த வருஷத்தின் முதல் நாளில் வைத்துவிட்டார். மென்பொருள் நம்பிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் குளித்து, மேடைக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தேதியைப் பின்னால் தள்ளுவது அவர் வழக்கம். அவருடைய எடைமேடையில் அந்த ஒரே வருஷம்தான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை மதர்போர்டில் இருக்கிற பொத்தான் செல் தீர்ந்து தேதி தாறுமாறாகிவிட, வருஷப் பிறப்பும் அதுவுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எல்லாரும் புது வருசம் பொறக்குதுன்னு கேக் வெட்டுறாங்க தாயி. நான் பழைய வருசத்தைப் பொறக்க வைக்கணும். செத்த வா."

பிறக்காத லாரி

ஆனால் சீட்டில் அந்தப் பழைய தேதிதானே அச்சாகும்? அதற்கும் வழி வைத்திருந்தார். தேதி திருகுகிற ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றை வாங்கி, அடித்த சீட்டின் மேலேயே இன்றைய தேதியை ஓங்கிக் குத்திக் கொடுப்பார். ஒரு நாள் ஸ்டாம்ப்பில் மை காய்ந்துபோய்ச் சரியாக விழவில்லை. லாரி திருமயம் தாண்டுவதற்குள் வழியில் ஒரு அதிகாரி நிறுத்திச் சீட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். சீட்டில் இருந்த தேதியில் அந்த லாரியே பிறந்திருக்கவில்லை. டிரைவர் முழிக்க, அதிகாரி சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் அடித்துவிட்டார்.

நான் அப்போது எடைமேடையில்தான் இருந்தேன். எதிர்முனையில் அதிகாரி கத்துவது எனக்கே கேட்டது. கருப்பையா அண்ணன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "தேதி கெடக்கட்டும் சார். எடை சரியா இருக்கா, அதைப் பாருங்க."

அதே புல்வெளி

இரண்டாவது ஆள் ஸ்டெல்லா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்போனே கிடையாது, வீட்டில் லேண்ட்லைன்தான். பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடிப்பதும், சர்ச்சுக்குப் பாட்டுத்தாள் அடிப்பதும் அவருடைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில்தான். திரையில் பச்சைப் புல்வெளி, மேலே நீல வானம், கீழே இடது ஓரத்தில் பச்சை பட்டன். அந்தப் புல்லைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது.

போர்டு ஆசை வந்ததும் எனக்குக் குறும்புப் புத்தியும் வந்துவிட்டது. டீச்சரின் கம்ப்யூட்டர் தூசி தட்ட வந்தபோது, எக்ஸ்பியை எடுத்துவிட்டுப் புது சிஸ்டம் ஒன்றைப் போட்டேன். மேலே அதே புல்வெளியை ஒட்டினேன். அதே பச்சை பட்டன், அதே குப்பைத்தொட்டிப் படம், திறக்கும்போது அதே சங்கீதம். பாண்டியன் ஐந்து நிமிஷம் தேடியும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் காலரைத் தூக்கிவிடாத குறை.

மறுநாள் காலை டீச்சர் ஆட்டோவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். முகத்தில் கோபம்கூட இல்லை, பரீட்சையில் காப்பி அடித்தவளைப் பார்க்கிற பார்வை. "சாந்தி, புல்லு எல்லாம் சரியாத்தான் ஒட்டியிருக்க. ஆனா எம் மெசின்ல பட்டனை அமுக்குனா அது கொஞ்ச நேரம் யோசிக்கும். அதுக்குள்ள நான் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்குவேன். இது அமுக்குனதும் வந்து நிக்குது. இது எம் மெசின் இல்ல."

சப்போர்ட்

இவர் அந்த நால்வரில் சேர்த்தி இல்லை. முகம்கூடத் தெரியாது, போனில் வந்த குரல்தான். செவன் போட்ட கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாராம். திறந்தால் "சப்போர்ட் முடிந்துவிட்டது" என்று ஏதோ எழுதி வருகிறதாம். நானும் பொறுமையாக, கம்பெனி இனிமேல் உங்களுக்கு உதவி செய்யாது என்று அர்த்தம், புதுசுக்கு மாறிவிடுங்கள் என்று விளக்கினேன்.  அவருக்கு வந்ததே கோபம். "அப்ப இத்தன வருசமா சப்போர்ட் பண்ணிக்கிட்டா இருந்தாங்க? ஒருத்தனும் எட்டிப் பாக்கலையேங்க!"

கட்டம் கட்டிய உள்ளங்கள்

மூன்றாவது ஆள் துரைராஜ். குவைத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மோட்டார் பம்ப் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் கையில் இருப்பது விண்டோஸ் போன். திறந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். அதைப்போல ஒரு போன் உலகத்தில் வரவில்லை, இனியும் வராது என்பது அவர் கட்சி. அது நின்றுபோனதில் ஏதோ சதி இருக்கிறது என்றுகூடச் சொல்வார். உதிரிபாகத்துக்காக ஓடாத போன்களை எங்கெங்கிருந்தோ வரவழைத்து என்னிடம் கொண்டுவருவார். பாண்டியன் ஒன்றின் கண்ணைப் பிடுங்கி இன்னொன்றுக்கு வைப்பார்.

அவரைப்போலவே தமிழ்நாடு முழுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். "கட்டம் கட்டிய உள்ளங்கள்" என்று குழு வைத்து, காலையிலிருந்து இரவுவரை மற்ற போன்களைத் திட்டிக்கொண்டிருப்பார்களாம். குழு எதில் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் என்றார். விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் நின்று எத்தனையோ காலம் ஆயிற்றே என்றேன். துரைராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இடது பையிலிருந்து ஒரு ஆண்ட்ராய்டு போனை மெல்ல எடுத்தார். குழுவில் இருக்கிற எல்லோரிடமும் அப்படி ஒன்று உண்டாம். ஆண்ட்ராய்டைத் திட்டுவதற்கென்றே ஆண்ட்ராய்டு வாங்கியவர்களை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அவருக்கு வெட்கம் எல்லாம் ஒன்றுமில்லை. "அது குரூப்புல பேசுறதுக்குக்கா. இது பாத்துக்கிட்டு இருக்குறதுக்கு."

பார் இருக்கும் இடம்

நான்காவது ஆள் செபஸ்தி அண்ணன், மணமேல்குடிப் பக்கம். சொந்தப் படகு வைத்திருக்கிறார். சிம்பியன் போன் பார்க்க வேறு கடை அகப்படாததால், பஸ் மாறி மாறி இவ்வளவு தூரம் வருவார். உப்புக்காற்றில் சார்ஜ் ஏறும் இடம் பூத்துவிடும். பாண்டியன் சுரண்டித் துடைத்துக் கொடுக்கும்வரை, பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுகிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். போனை விட்டுவிட்டு டீ குடிக்கக்கூடப் போகமாட்டார்.

காரணம் இருக்கிறது. கடலுக்கடியில் பாறை கிடக்கிற இடத்தை அவர்கள் பார் என்பார்கள். மீன் கூடுவது அங்கேதான். அப்படித் தனக்கு மட்டும் தெரிந்த பார்களை எல்லாம் அந்தப் போனின் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருக்கிறார். அதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். நான் சும்மா இருக்காமல், புள்ளிகளை எல்லாம் எடுத்து மகனுடைய புதுப் போனில் போட்டுத் தருகிறேன், ஒரு தட்டுத் தட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று ஆசை காட்டினேன். அவர் போனைச் சட்டென்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அனுப்ப முடியாதுன்னுதான் தங்கச்சி இதை வச்சிருக்கேன்."

பயமுறுத்திப் பார்த்தேன்

மேனேஜர் வருகிற வாரம் நெருங்கியது. நயமாகச் சொல்லிப் பலனில்லை, பயமுறுத்தியாவது மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். பழைய சிஸ்டத்தில் வைரஸ் வரும், எல்லாம் அழிந்துபோகும் என்று ஆளாளுக்குச் சொன்னேன். கருப்பையா அண்ணன், தன் கம்ப்யூட்டருக்கு வெளியே போக வர ஒயரே கிடையாது, வைரஸ் என்ன நடந்தா வரும் என்றார். எக்ஸ்பியைத் திரும்பப் போட வைத்துவிட்ட டீச்சர், வந்தால் வாசலிலேயே காத்திருக்கட்டும், மெசின் யோசித்துத்தான் கதவைத் திறக்கும் என்றார். துரைராஜ், நாலு பேர் வைத்திருக்கிற போனுக்காக எவன் மெனக்கெடுவான் என்று சிரித்தார். செபஸ்தி அண்ணன் போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் தோற்றுப்போய் வந்து உட்கார்ந்தேன். பாண்டியன் சால்டரிங்கிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "இதுக்கெல்லாம் வைரஸ் எழுதுனவன் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்துருப்பான்க்கா."

வியாழக்கிழமை வராதீர்கள்

மேனேஜர் வியாழக்கிழமை வருகிறார் என்று முடிவானது. பழைய சாமான் அத்தனையையும் பின்னறையில் அடைத்துப் பூட்டினோம். அப்புறம் நால்வருக்கும் நானே போன் போட்டேன். வியாழக்கிழமை மட்டும் இங்கிட்டு வந்துவிடாதீர்கள், பழைய சாமானைப் பார்த்தால் போர்டு தரமாட்டார்கள், போர்டு இல்லாவிட்டால் கடையே இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். கருப்பையா அண்ணன் "சரி தாயி" என்றார். செபஸ்தி அண்ணன் "ம்" என்றார். துரைராஜ் மட்டும் அது எந்தக் கம்பெனி, போன் பார்க்க எப்படி இருக்கும் என்று விலாவாரியாகக் கேட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கடைசியாக டீச்சர். "எங்களைப் பாத்தா ஒனக்கு வெக்கமா இருக்கா சாந்தி?" என்று கேட்டார். சுருக்கென்றது. கடை நிற்க வேண்டும் டீச்சர், எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. டீச்சர் சட்டென்று சொன்னார். "பழைய சாமான்தானே வரக்கூடாது? வராது."

ஆட்டோவில் வந்த வாடிக்கையாளர்கள்

மேனேஜர் இளவயது. மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று ஷூ. கவுன்ட்டரை விரலால் தடவிப் பார்த்தார், தூசி இல்லை. விளக்கு, மேஜை, கருவிகள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பாண்டியன் துவைத்த சட்டை போட்டிருந்தார், வாயையும் மூடிக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிஷம் இப்படியே போனால் போர்டு நம்முடையது என்று நான் நினைத்த நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

என் கடை பெஞ்சிலேயே ஒருவருக்கொருவர் பழக்கமான நால்வரும் பேசிவைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி கருப்பையா அண்ணன் சலவை வேட்டி, டீச்சர் பட்டுப்புடவை. செபஸ்தி அண்ணன் பேன்ட் போட்டு நான் பார்த்தது அன்றுதான். நாலு பேர் கையிலும் அதே கம்பெனியின் புத்தம் புதுப் போன், ஆரத்தித் தட்டை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்கள். துரைராஜ் என்னை முன்னே பின்னே பார்த்திராதவர் போல, "இங்க நல்லா பாப்பாங்கன்னு கேள்விப்பட்டு வந்தோம் மேடம்" என்றார். போய்விடுங்கள் என்று நான் கண்ணாலேயே ஜாடை காட்டினேன். மேனேஜருக்கோ வாயெல்லாம் பல். போர்டு மாட்டுவதற்கு முன்பே எங்கள் கஸ்டமர் வருகிறார்களே என்று பூரித்துப்போய், "அப்படியே ஒவ்வொருத்தரா ஜாப் எடுத்துக் காட்டுங்க மேடம்" என்றார்.

உங்களுக்குத்தான் தெரியுமே, போனை வாங்கினால் முதல் வேலை, கொண்டுவந்தவரையே நம் கண் முன்னால் லாக் எடுக்கச் சொல்வது. அவருடைய போன்தானா என்று தெரிய வேண்டும் அல்லவா? கருப்பையா அண்ணனிடம் கேட்டேன். திரையில் ஒன்பது புள்ளி வந்தது. அவர் ஆள்காட்டி விரலால் பொறுமையாகச் சிக்குக்கோலம் போட ஆரம்பித்தார். போன் ஒத்துக்கொள்ளவில்லை. டீச்சர் போனுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். கண்ணாடியோடு காட்டினார், கழற்றிவிட்டுக் காட்டினார், முறைத்துக் காட்டினார். அது மசியவில்லை. செபஸ்தி அண்ணன் கட்டைவிரலை வைத்தார், அடுத்து பத்து விரலையும் வரிசையாக வைத்தார். துரைராஜ் ஏதேதோ நம்பரை அடிக்க, போன் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டது. பாண்டியன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. மேனேஜரின் சிரிப்பு போயே போய்விட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், நாலு போனு. நாலும் எங்க போனு. நாலு பேருக்கும் தொறக்கத் தெரியல. இங்க உண்மையிலேயே என்ன தொழில் நடக்குது?"

மருமகள் குரல்

திருட்டுப் போனைத் திறந்து கொடுக்கிற கடை என்று நினைத்துவிட்டார்! தலைமை அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும் என்று அவர் தன் போனை எடுத்தார். போர்டு போனது போகட்டும், கடையோடு பெயரும் போகப்போகிறது. அப்போது கருப்பையா அண்ணன், "தம்பி, செத்த பொறுங்க. கோலம் எப்படின்னு கேட்டுட்டாப் போச்சு" என்று வேட்டி மடிப்பிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். பட்டன் போனின் சத்தம் உங்களுக்குத் தெரியாதா? மருமகள் பேசியது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது. "மாமா, எம் போனை நீங்களா எடுத்துட்டுப் போனீங்க? வீடு பூராம் தேடிட்டேன். கோழிக்கூட்டுக்குள்ளகூட கைய விட்டுப் பாத்துட்டேன்!"

அவர் வைப்பதற்குள் செபஸ்தி அண்ணன் பேன்ட்டுக்குள் சிம்பியன் அலறியது, மகன். துரைராஜ் பையில் விண்டோஸ் போன் பாடியது, மச்சான். ஒளித்து வைத்த பழைய போன் சாதி சனம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்த கவுன்ட்டர் மேல் வந்து உட்கார்ந்தது. டீச்சர், தான் கொண்டுவந்த தம்பி மருமகளின் போனைக் கீழே வைத்துவிட்டு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். "திருட்டெல்லாம் இல்ல தம்பி. கேக்காம எடுத்துட்டு வந்தோம், அவ்வளவுதான்." மேனேஜர், "அதுக்குப் பேருதான்மா திருட்டு" என்றார். டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. "இந்தப் புள்ள கடையை மூடிட்டா எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. மத்த கடையில எல்லாம் எங்க சாமானைப் பாத்ததும் சிரிக்கிறானுவ. இவளும் சிரிப்பா. ஆனா சிரிச்சுட்டுப் பாத்துக் குடுப்பா."

முடிவு

எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். வராதீர்கள் என்று சொன்னதற்கு வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்று சொன்ன சாமானை எனக்காக, அதுவும் திருடி, கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறார்களே! கும்பிடத் தோன்றியது, நாலு பேர் மண்டையிலும் ஒரு போடு போடவும் தோன்றியது. மேனேஜர் பூட்டியிருந்த பின்னறைக் கதவைக் காட்டினார். இனி மறைக்க என்ன இருக்கிறது, பூட்டைத் திறந்தேன். தரையிலிருந்து ஜன்னல்வரை அடுக்கியிருந்த பழைய சாமானை அவர் நின்று பார்த்தார். ஒரு விண்டோஸ் போனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். துரைராஜ், "நல்லாருக்குல்ல சார்?" என்றார். 

மேனேஜர் வெளியே வந்து, பையை மாட்டிக்கொண்டு, செருமினார். பழைய சாமான் எல்லாம் பின்னறையோடு நிற்க வேண்டும், முன்னால் வரவே கூடாது என்றார். சரி என்றேன். போர்டு தருவீர்களா மாட்டீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, பாண்டியன்தான் கேட்டார். மேனேஜர் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எத்தனையோ ஊருல போர்டு குடுத்திருக்கேன் மேடம். எங்க போனை வாங்குனவங்கள்ல ஒருத்தர்கூட கடைக்காரருக்காகப் பொய் சொல்ல வந்ததில்ல. அடுத்த வாரம் ஆள் வந்து மாட்டுவாங்க."

ஆக, சக ஜீவன்களே, எங்கள் கீரனூருக்குள் நவீனத் தொழில்நுட்பம் வந்து சேர்ந்தது, அதன்மேல் துளிகூட நம்பிக்கை இல்லாத நான்கு பேருடைய சிபாரிசில்தான்.